இடப்பக்கம் ஒருக்களித்து

ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டும்போது அதன் இரண்டு முனைகளும் மூக்கைப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் பார்த்திருந்தால் ஒன்றும் கேட்காது. முதல் வருஷத்தில் நானும் திருப்பி மாட்டிக்கொண்டு, கேட்காத இதயத்தைக் கேட்டதாகத் தலையாட்டியிருக்கிறேன். எல்லோரும் ஆட்டுவார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அண்ணி உங்களிடம் கொடுத்த நோட்டு என்னுடையது. கையெழுத்து என்னுடையது. தேதிகளும் சரியானவை. கல்லூரி விசாரணைக்கு அது போதுமென்றால் இப்போதே எழுந்து போய்விடுவேன். ஆனால் நீங்கள் ஏன் என்று கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் செய்முறைத் தேர்வில் பத்து அறைகள். அறைக்கு ஒரு நோயாளி, ஒரு தேர்வாளர், எட்டு நிமிஷம். மணி அடித்தால் அடுத்த அறைக்கு நகர வேண்டும். ஒன்பது அறைகளில் எனக்குச் சிக்கல் இல்லை. இதய அறையில் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாம் தடவை அங்கே படுத்திருந்த அம்மாளுக்கு இதயத்தின் இடப்பக்க வால்வு சுருங்கியிருந்தது. அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. நான் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். வழுக்கைத்தலைத் தேர்வாளர் பேனாவை மூடினார்.

"காது எதுக்குத் தம்பி வெச்சிருக்கே? கண்ணாடி மாட்டவா?"

நான் கண்ணாடி போட்டிருந்தேன். அந்த அம்மாள்கூடச் சிரித்தார்.

மூன்றாம் தடவைதான் கடைசி. அதிலும் விழுந்தால் ஆறு வருஷப் படிப்பு செல்லாது என்பது விதி. எண்பது நாள் இருந்தது.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. உள்ளறை அண்ணனுக்கும் அண்ணிக்கும். முன்னறையில் நானும் புத்தகங்களும். கதவின் உட்பக்கம் இதயப் பரிசோதனையின் படிகளை எழுதி ஒட்டியிருந்தேன். கதவைச் சாத்தினால் அது தெரியும். திறந்தால் மாடிப்படி தெரியும். எண்பது நாளும் இந்த இரண்டைத்தான் பார்த்தேன்.

அப்பா சிமென்ட் கிடங்கில் முதுகு ஒடிந்து படுத்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு நாலு. அவர் விட்ட மூட்டையை இவன் தூக்கினான். நான் படித்தேன். இதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது, ஒருவன் தூக்கினால்தான் ஒருவன் படிக்க முடியும். கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். மற்றவர்கள் ஒரு மூட்டையோடு ஏறும் சரிவுப் பலகையில் இவன் இரண்டோடு ஏறுவான்.

பயிற்சிக்கு ஓர் உடம்பு வேண்டும். சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுப்பான்.

"டாக்டரே, இன்னைக்கு நான் பொழைப்பேனா?"

"பேசாம படுண்ணே. மூச்சை விட்டுட்டு நிறுத்து."

"மூச்சை நிறுத்தச் சொல்ற ஒரே டாக்டர் நீதான்டா."

அண்ணி கதவோரம் நின்று பார்ப்பார். "அந்த நெஞ்சுல அப்படி என்னதான் தேடுறீங்க தம்பி? பதிமூணு வருஷமா நானும் தேடுறேன், ஒண்ணும் அகப்படல."

"நீ தேடுறது சட்டைப்பையிலடி," என்பான் அண்ணன்.

பதினோராம் நாள் அது கேட்டது. அவனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, குழாயின் சின்ன வாயை இதயத்தின் நுனியில் மெதுவாக வைத்தேன். முதல் துடிப்பு உரக்க இருந்தது. இரண்டாவது துடிப்புக்குப் பிறகு அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உறுமல். தூரத்தில் சுமை லாரி மேடு ஏறுகிற மாதிரி. எடுத்தேன், துடைத்தேன், மறுபடி வைத்தேன். லாரி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

இரண்டு தேர்வுகளில் எனக்குக் கேட்காத சத்தம் என் வீட்டுக் கட்டிலில் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"என்னடா சிரிக்கிற?"

"உன் இதயம் நல்லா இருக்குண்ணே."

இது பொய் இல்லை. பயிற்சிக்கு அதைவிட நல்ல இதயம் கிடைக்காது.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யார் சொல்வது? எனக்குக் காது இல்லை என்று இரண்டு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள். தோற்றுப்போனவன் ஒருவன் உறுமல் கேட்டது என்று சொல்லி, உழைத்துச் சாப்பிடுகிற மனிதனைப் பயமுறுத்தலாமா? உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்குத் தினமும் கேட்க வேண்டும். தினமும் கேட்டேன். நோட்டில் தேதி போட்டு, இதயத்தைப் படம் வரைந்து எழுதினேன். இன்று பத்து விநாடியில் கண்டுபிடித்தேன், இன்று எட்டில், இன்று கண்ணை மூடிக்கொண்டு.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். மாத்திரை கொடுத்துத் துடிப்பைக் குறைப்பார்கள், சத்தம் தேய்ந்துவிடும். அல்லது வால்வை விரித்துவிடுவார்கள், சத்தமே இருக்காது. பத்து வருஷமாகச் சுருங்கிய வால்வு இன்னும் பத்து வாரம் தாங்காதா? தேர்வு முடிந்த மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போவதாக இருந்தேன். அதுவும் நோட்டில் இருக்கிறது, பாருங்கள்.

நோயாளியைக் கொஞ்சம் உழைக்க வைத்தால் சத்தம் இன்னும் தெளிவாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் கண்டுபிடித்ததல்ல. அதனால் பரிசோதனைக்கு முன்னால் அண்ணனைக் குடிதண்ணீர் கேனோடு மூன்று மாடி ஏறச் சொன்னேன். இருபது லிட்டர். எப்படியும் யாராவது தூக்கி வரத்தானே வேண்டும். முதலில் ஒரு நடை. பிறகு இரண்டு.

"மூட்டையைவிட இது கஷ்டமா இருக்குடா," என்றான் ஒருநாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. "கிரேனுக்கு வயசாயிடுச்சு."

"படுண்ணே. சீக்கிரம். துடிப்பு அடங்கிடும்."

இருமல் வந்தது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்க முடிந்தது. அண்ணி என்னிடம் தனியாகக் கேட்டார், சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு.

"தம்பி, தினமும் பாக்குறீங்களே, அவருக்கு ஏதாவது இருக்கா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"சிமென்ட் தூசி அண்ணி. கிடங்குல எல்லாருக்கும் இருக்கும்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை..."

"நான் எதுக்கு இருக்கேன்?"

அவர் குழாயை மூடினார். முகம் தெளிந்துவிட்டது. நம்பிக்கை மனிதருக்கு நல்லது. அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்று மறுநாள் சொன்னார்.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். முப்பதாம் நாள் சொன்னால், பத்தொன்பது நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நாற்பதாம் நாள் சொன்னால் இருபத்தொன்பது. ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது. வீட்டைவிட்டு வெளியே போகவும் முடியாது, அவன் வருகிற நேரத்துக்கு இருக்க வேண்டும். உள்ளே உட்காரவும் முடியாது, அவன் இருமல் கேட்கும். யாராவது என்னைப் பிடித்துக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை. அண்ணி ஒருத்தர் கேட்டார், அதுவும் சரியான கேள்வி இல்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் நாடி தாளம் தப்பியது. இரண்டு அடி சேர்ந்து வரும், ஒன்று விடுபடும், பிறகு நாலு ஓடும். ஒரு கணக்குக்கும் வராது. இது என்னவென்று எனக்குத் தெரியும். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது. உள்ளே தேங்கும் ரத்தம் கட்டியாகும். கட்டி கிளம்பினால் மூளைக்குப் போகும். ரத்தம் கட்டாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும். புத்தகத்தில் அடுத்தடுத்த வரிகள் இவை. சிவப்பு மையால் நானே அடிக்கோடிட்டிருக்கிறேன்.

கணக்குப் போட்டேன். இப்படிப்பட்டவர்களில் மாத்திரை இல்லாமல் வருஷத்துக்கு நூறில் ஐந்து பேருக்கு மூளை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேவை முப்பத்தேழு நாள். வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் நூறில் அரை ஆள். கிடங்கில் மூட்டை சரிந்து விழுந்து சாகிற வாய்ப்பு அதைவிட அதிகம். நீங்களும் போட்டுப் பாருங்கள், கணக்கில் தவறில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணி சந்தைக்குப் போயிருந்தார். காலை ஒன்பதரை. இரண்டாம் நடையில் கேன் படிகளில் உருண்டு போகிற சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் ஒருபக்கம் இறங்கியிருந்தது. வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

"அண்ணே, ரெண்டு கையையும் தூக்கு."

இடது கையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். பேச முயன்றான், காற்றுதான் வந்தது.

அங்கே, படியிலேயே, நான் முழு நரம்புப் பரிசோதனை செய்தேன். தேர்வில் நரம்பு அறையும் உண்டு. அடைப்பு விழுந்த அந்த நேரத்திலேயே ஒரு நோயாளியைப் பார்க்கிற வாய்ப்பு பெரிய டாக்டர்களுக்கே அரிது. எட்டு நிமிஷத்தில் முடித்தேன். உள்ளங்காலைக் கீறிப் பார்க்க மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது, இன்னொரு நிமிஷம் எடுத்து, வீட்டுச் சாவியால் அதையும் பார்த்தேன். பெருவிரல் மேலே எழுந்தது, புத்தகத்தில் உள்ளபடியே. பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வரவே இருபது நிமிஷம் ஆனது. அதோடு பார்த்தால் ஒன்பது பெரிதல்ல.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் அண்ணன் நெஞ்சில் குழாயை வைத்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இவ்வளவு சத்தம் இருக்கே. யாருமே பாக்கலையா?"

"தம்பி டாக்டருக்குப் படிக்கிறாங்க," என்றார் அண்ணி. காய்கறிப் பையோடு நேரே வந்திருந்தார். "தினமும் பாத்தாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"எனக்குக் காது போதாது சார்," என்றேன். "அதுலதான் ரெண்டு தடவை ஃபெயில் ஆனேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி என் தோளில் கை வைத்து, "நீங்க மனசை விட்டுறாதீங்க தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டீங்களா," என்றார். நான் அழுதேன். அது நடிப்பில்லை. அந்த இடத்தில் நான் சொன்னது எனக்கே உண்மையாக இருந்தது.

எண்பதாம் நாள் தேர்வு. இதய அறையில் அதே வழுக்கைத்தலைத் தேர்வாளர். குழாயை வைத்து ஐந்து விநாடியில் சொன்னேன், எந்த வால்வு, எவ்வளவு சுருக்கம், அடுத்து என்ன ஆபத்து, அதைத் தடுக்க உடனே என்ன கொடுக்க வேண்டும்.

"காது வந்துருச்சே தம்பி! எங்க பழகினே?"

"வீட்டுலதான் சார்."

நரம்பு அறையிலும் முழு மதிப்பெண்.

மீதி உங்களுக்குத் தெரியும். முன்னறையை ஒழிக்கும்போது அண்ணி நோட்டைப் பார்த்திருக்கிறார். படிக்கத் தெரியாவிட்டாலும் தேதி தெரியும், படங்கள் தெரியும். அதை டியூட்டி டாக்டரிடம் கொண்டுபோனார். அவர் வரிவரியாகப் படித்துச் சொன்னார். அண்ணன் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தான். பேச்சுதான் போனது, கேட்பதும் புரிவதும் அவனுக்கு முழுதாக இருக்கிறது. அதை நானே சோதித்திருக்கிறேன்.

ஆம். எனக்குத் தெரிந்திருந்தது. பதினோராம் நாளே தெரிந்திருந்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் வேறிடத்தில் தங்கியிருக்கிறேன். அண்ணி கிடங்கில் சாக்குத் தைக்கப் போகிறார். அவர் மனம் கஷ்டப்படக் கூடாதென்று, அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதினொரு மணிக்குப் போகிறேன். என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. கட்டிலைவிட்டு அவனால் எழ முடியாது. அவனிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. நான் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை "போ, போ" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பேச்சிழந்தவர்கள் இப்படி ஏதாவது ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், அதற்குப் பொருள் கிடையாது.

என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பிப்பான், இடது கையால், கழுத்துவரை. முதல் வாரம் ஐந்து பொத்தானுக்குப் பத்து நிமிஷம் ஆனது. இப்போது நாலில் முடிக்கிறான். விரல்கள் நன்றாகத் தேறிவருகின்றன. நான் தினமும் போவதால்தான் இந்த முன்னேற்றம்.