தூங்கிய விதைகள்

— உள்ள வர மாட்டேன்க்கா. எதுவா இருந்தாலும் இந்த கேட் கிட்டயே சொல்லு.

— உள்ள யாருடா உன்னைக் கூப்பிட்டா? கட்டடத்தைச் சுத்திப் பின்பக்கம் போகணும். வா.

— பின்பக்கம் எதுக்கு? உங்க டைரக்டர் நிக்கிறாரா?

— அவர் ஊர்லயே இல்ல. ஏன் இப்படி மிரள்றே? இது விதைக் கிடங்கு, போலீஸ் ஸ்டேஷன் இல்ல.

— எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க குளிர் அறையில நான் கை வெச்சுட்டுப் போன மறுவாரமே அது நின்னுபோச்சு. உள்ள இருந்த விதையெல்லாம் வெந்துபோச்சுன்னு வாட்ச்மேன் வரைக்கும் பேசினாங்க. ஏசி மெக்கானிக் தம்பியைக் கூட்டிட்டு வந்து அக்கா தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டான்னு என் காதுபடவே சொன்னாங்க.

— மெஷின் நிக்கலைடா. கரன்ட் நின்னுச்சு.

— சும்மா ஆறுதல் சொல்லாதே.

— கேளுடா முதல்ல. கரன்ட் ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்தாங்க. தெருக் கம்பத்துல இருந்து அந்த அறைக்கு வர்ற லைன் தீஞ்சிருக்கு. எச்சரிக்கை மணியும் அதே லைன்ல. நீண்ட லீவு, ஆபீஸ் பூட்டிக் கிடந்தது, யாருக்கும் தெரியல. லைனை மாத்தினதும் உன் மெஷின் தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

— எப்போ வந்து பார்த்தாங்க?

— அந்த வாரமே.

— அந்த வாரமேவா? நான் இத்தனை மாசமா தூக்கம் கெட்டுக் கிடந்தேனே, எனக்கு ஏன் சொல்லல?

— எத்தனை தடவை போன் பண்ணேன்? எடுத்தியா? வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், அதையும் கேக்கல. அம்மா வீட்டுக்கு நான் வர்ற நாளாப் பார்த்து நீ வராம இருந்தே.

— உன் பேர் வந்தாலே போனைக் கவுத்து வெச்சுடுவேன்க்கா. திட்டத்தான் கூப்பிடறேன்னு நினைச்சேன்.

— உன் பொண்டாட்டிகிட்டயும் சொன்னேனே.

— சொன்னா. நான் சரியா சாப்பிடலைன்னு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின கதைன்னு விட்டுட்டேன். இரு, கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— தரையிலயா? பேன்ட் அழுக்காகும்.

— ஆகட்டும்.

— அழறியாடா?

— இல்ல. வெயில். வேர்க்குது.

— சரி, வேர்க்கட்டும். நல்லா வேர்த்து முடி.

— என் பேர்ல தப்பில்லைங்கறது பெரிய பாரம் இறங்கின மாதிரிதான் இருக்கு. ஆனா விதை போனது போனதுதானே? அந்தக் காட்டு மிளகாயை நீ எப்படிக் காப்பாத்தி வெச்சிருந்தேன்னு எனக்குத் தெரியாதா?

— அதுக்குத்தான் கூப்பிட்டேன். எழுந்திரு. வெளி யூனிட்டுக்குப் பக்கத்துல ஒரு தட்டு இருக்கு, குனிஞ்சு பாரு.

— ஏதோ பச்சையா இருக்கு. களையா?

— வாயைக் கழுவு.

— அக்கா.

— ம்.

— இது அதுவா?

— அதுவேதான். நேத்துச் சாயங்காலம் குப்பைக்கூடையை வைக்கப் பின்னால வந்தேன். முதல்ல நானும் களைன்னுதான் நினைச்சேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டுப் பார்த்தா, நான் போட்ட வரிசை மாறாம நிக்குது. காத்துல வந்து விழுந்த விதையா இருந்தா வரிசையா வருமா? அப்படியே சுவத்துல சாஞ்சு நின்னுட்டேன்.

— செத்துப்போச்சுன்னு அம்மாகிட்ட நீயே சொன்னியே.

— செத்துப்போச்சுன்னுதான் நம்பினேன். லைன் சரியானதும் எல்லா மிளகாய் விதையிலயும் கொஞ்சம் எடுத்து உள்ள முளைப்புப் பெட்டியில போட்டோம். தோட்டத்து மிளகாய், குடைமிளகாய் எல்லாம் சமத்தா எழுந்துடுச்சு. சூட்டுல கொஞ்சம் செத்தது, மீதி பிழைச்சது. இது மட்டும் அசையவே இல்ல. மத்ததைவிட ரெண்டு மடங்கு நாள் காத்திருந்தேன். கடைசியில கையில இருந்த மிச்சத்தையும் இந்தத் தட்டுல போட்டு அதே பெட்டியில வெச்சேன். அதுவும் வரல. டைரக்டர், போதும்மா, கொட்டிடுன்னுட்டார்.

— நீ கொட்டல.

— குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோனேன். கை வரல. இங்க வெச்சுட்டு லீவு போட்டுட்டுப் போயிட்டேன்.

— அப்போ மத்ததெல்லாம் டக்குனு முளைக்குது, இது மட்டும் ஏன் இப்படி மக்கர் பண்ணுது?

— மக்கர் இல்லடா, அது சுபாவம். நான்தான் அவசரப்பட்டுட்டேன். தோட்டத்து மிளகாய் ஏன் ஒண்ணா முளைக்குது? மனுஷங்க பழக்கின பழக்கம். ஆயிரக்கணக்கான வருஷமா விதைச்சவங்க, சீக்கிரம் முளைச்சதை வளர்த்தாங்க, அதோட விதையையே அடுத்த தடவை போட்டாங்க. பிந்தி வந்ததைக் களையோட களையா பிடுங்கிட்டாங்க. அதனால தூங்குற குணமே போயிடுச்சு. காட்டுல அப்படி இருந்தா கதை முடிஞ்சுது. எல்லாம் ஒரே மழையில முளைச்சு, அடுத்து வெயில் காய்ச்சினா வம்சமே காலி. அதனால ஒண்ணு இப்போ எழுந்திருக்கும், ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு, ஒண்ணு அடுத்த வருஷம்.

— வீட்ல உன் பெரிய பொண்ணு மாதிரி.

— அவ பேச்சை எடுக்காதே, இன்னும் எழுந்திருக்கல.

— அப்போ இதுவும் குடைமிளகாயும் சொந்தமா? இவ்வளவூண்டு பழத்துக்கும் அவ்வளவு பெரிய காய்க்குமா?

— சொந்தம்னா, குடைமிளகாய் இதோட நேர் வாரிசு. இது பூட்டிக்குப் பூட்டின்னு வெச்சுக்கோ. பழம் பட்டாணி அளவுகூட இருக்காது, வானத்தைப் பார்த்து நிக்கும். சிவந்ததும் காம்பை விட்டுக் கழண்டு வந்துடும், பறவை கொத்திட்டுப் போறதுக்கு வசதியா. மனுஷங்க வந்து, இலைக்கு அடியில தொங்கினதையும், காம்பை விடாம பிடிச்சதையும், சதை பெருத்ததையும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தாங்க. பறவை வாயில போகாம கூடையில விழணுமே.

— பறவைக்கு எரியாதா?

— அதுக்கு எரிப்பே தெரியாது. முழுசா முழுங்கிட்டு எங்கயோ போய் எச்சத்துல போடும். எலி மாதிரி விதையை மென்னு நொறுக்குற ஜந்துவுக்குத்தான் எரியும். நம்ம மாதிரி.

— எரியுதுன்னு தெரிஞ்சும் தின்னது மனுஷன் மட்டும்தானா? நல்ல ஜந்துதான். தக்காளியும் மிளகாயும் சொந்தம்னு ஒரு தடவை சொன்னியே?

— தக்காளி, கத்திரி, உருளை எல்லாம் தூரத்துப் பங்காளிங்க. விசேஷத்துல பார்த்தா தலையாட்டிக்கலாம், அவ்வளவுதான். மிளகாய்க்குள்ளயே மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தது அஞ்சு வகை. வேற வேற இடத்துல, வேற வேற ஜனங்க பழக்கினது. அதுல மூணு வகை நெருக்கம், மகரந்தம் மாத்தி வெச்சா கொஞ்சம் முரண்டு பிடிச்சாவது ஒத்துக்கும். ஒண்ணு இருக்கு, ஊதாப் பூ, கருப்பு விதை. எவ்வளவு முயற்சி பண்ணாலும் இந்த மூணோட ஒட்டாது.

— நம்ம பெரியப்பா.

— அவரேதான். சிரிக்காதே, எனக்கும் சிரிப்பு வருது.

— சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? விடு. இந்தக் கன்னு நிஜமாவே பிழைச்சிக்குமா?

— பிழைச்சிக்கும். நாலு இலை வந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாத்திடுவேன். இப்போ தோட்டம் தோட்டமா மிளகாய்ச் செடி வேர் அழுகிச் சாயுதே, அந்த மண்ணுல போட்டுப் பார்த்தப்போ நிமிர்ந்து நின்னது இது ஒண்ணுதான். இது நின்ன மலையடிவாரமும் அணைத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. திரும்பப் போய்ப் பொறுக்கிட்டு வர இடமே இல்ல. இருந்ததெல்லாம் இந்தத் தட்டுதான்டா.

— ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? உள்ள பெட்டியில வெச்சு வேளாவேளைக்குக் கவனிச்சப்போ வரல. இங்க அநாதையா கிடந்தப்போ வந்திருக்கே.

— உள்ள பகல், ராத்திரி ஒரே சூடு. இங்க பகல்ல வெயிலும் யூனிட் அனலும் சேர்ந்து அடிக்குது, ராத்திரி குளிர்ந்துபோகுது. காட்டு விதைக்கு அந்த ஏத்த இறக்கம் பிடிக்கும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் பெட்டியையே நம்பிட்டேன். அதைச் சொல்லிட்டு, உனக்கு ஒரு நன்றியும் சொல்லணும்.

— எனக்கா? எதுக்கு?

— நடிக்காதே. நான் லீவுல போயிட்டேன், திரும்பி வந்தும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மனசு வரல. மேல தகரக் கூரை, ஒரு சொட்டு மழை விழாது. ஆனா மண்ணு காயவே இல்ல. வாட்ச்மேனைக் கேட்டேன், நான் தொடவே இல்லைங்கறார். யாருக்கும் தெரியாம வந்து நீதானே தண்ணி ஊத்தினே?

— சத்தியமா நான் இல்லக்கா. இந்தத் தெருவுக்கே பயந்து சுத்து வழியில போயிட்டிருந்தேன்.

— அப்போ யாரு?

— எனக்கென்ன தெரியும். இரு, நகரு. தட்டோட இந்த ஓரத்துல மண்ணு குழிஞ்சிருக்கு பாரு. சொட்டுச் சொட்டா விழுந்த மாதிரி.

— எங்க இருந்து?

— ஐயோ.

— என்னடா?

— மேல பாரு. சுவத்துல இருந்து நீட்டிக்கிட்டு ஒரு குழாய் தொங்குதா? உள்ள பனி உருகுற தண்ணி வெளிய வர்றது அது. நேரா சுவரோட இறங்கிச் சாக்கடைக்குப் போகணும். அன்னைக்கு எல்லா வேலையும் சுத்தமா முடிச்சேன், கிளிப் தீர்ந்துபோச்சுன்னு இதை மட்டும் அப்படியே அந்தரத்துல விட்டுட்டுப் போயிட்டேன். அடுத்த வாரம் வந்து மாட்டிக்கலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள கலாட்டா ஆயிடுச்சு. தொழில்காரன் எவனாவது பார்த்தா காறித் துப்புவான். வண்டியில கிளிப் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.

— தம்பி, அந்தக் குழாயைத் தொட்டே, அம்மாவே வந்து குறுக்க விழுந்தாலும் உன்னைக் காப்பாத்த முடியாது.