ஒரு முழம் பிளாட்டினம்

— இருக்கட்டும்மா, டீத்தண்ணியெல்லாம் வேணாம். நான் யாருன்னு தெரிஞ்ச பொறவு குடுக்கறதுன்னா குடு.

— மழையில நனைஞ்சு வந்து நிக்கிறீங்க. யாரா இருந்தா என்ன, மொதல்ல குடிங்க. கடலூருலேருந்து வரேன்னீங்களே, பாசஞ்சர்லயா?

— ஆமா. ஸ்டேஷன்லேருந்து நடந்தே வந்தேன். அப்துல் ஹக் வூடு எதுன்னு தெருவுல ரெண்டு பேரக் கேட்டேன். ஒருத்தரும் மொகம் குடுத்துப் பேசல.

— பேச மாட்டாங்க. ரெண்டு வருசமா இந்த வூட்டுக்கு வழி காட்டறதே அவுங்களுக்குக் கூச்சம். நீங்க யாருண்ணே?

— சகாயநாதன். இரும்பு வாக்கற ஃபவுண்டரியில, டெஸ்டிங் ரூம்.

— ஓ.

— நீ ஹக்கு சம்சாரம் சைதுன் பீவிதானேம்மா? ஹக்கு சொல்லியிருக்கான்.

— உங்களப் பத்தியும் சொல்லியிருக்காரு. உருகுன இரும்புக்குள்ள அவரு நீளக் கோல வுடுவாராம், சுவத்துல மாட்டுன மீட்டர்ல நீங்க முள்ளப் பாத்து எழுதுவீங்களாம். ‘சகாயநாதன் சாரு கை காட்டுனாத்தான் இரும்ப ஊத்துவோம், அதுக்கு முன்னாடி மேனேஜரே சொன்னாலும் ஊத்த மாட்டோம்’பாரு. அந்த சாருதானே?

— அந்த சாருதான்.

— கம்பிய ஹக்கு கையிலதான் குடுத்தேன்னு மேனேஜர் கிட்ட சொன்ன சாரு.

— நான்தாம்மா.

— சரி. சொல்ல வந்தத சொல்லுங்க. காதுல விழுது.

— இந்தச் சீசாவக் கொஞ்சம் பாரேன். உள்ள சுருட்டி வெச்சிருக்கறத.

— என்னது, தலமுடியாட்டம்?

— ரெண்டு இழை. நுனியில ஒண்ணாப் பத்தவெச்சிருக்கு பாரு. அந்தக் கோலுக்குள்ள, பீங்கான் குழாய்க்குள்ள கோத்து இதத்தான் இரும்புல முக்கறது. நுனி காய காய மீட்டர்ல முள்ளு ஏறும். பிளாட்டினம். தங்கத்தவிட ஒசத்தி, சீமையிலேருந்து வந்தாத்தான் உண்டு.

— இதுவா? இதுவாண்ணே அது?

— இதேதான். ஒரு முழம்.

— யா அல்லா. எங்க இருந்துச்சு?

— என் ரூம்லயே. நான் வெச்ச எடத்துலயே.

— நில்லுங்க. நான் செத்த ஒக்காந்துக்கறேன். ம்… இப்ப சொல்லுங்க.

— பாகிஸ்தான் சண்டை நடந்துக்கிட்டிருந்தப்ப. சீமைச் சாமான் இனிமே வராதுன்னு இருக்கற கம்பியப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தோம். ஒரு சாயங்காலம் ஒரு முழம் வெட்டி, குழாய்ல கோத்து வெச்சேன், காலையில ஹக்குகிட்ட குடுக்கலாம்னு. மறுநாளு எங்க மாதா கோயில் திருவிழா, லீவு போட்டுட்டேன். திரும்பி வந்தா கம்பிய அளந்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு முழம் கொறையுது. மேனேஜர் எல்லாரு முன்னாலயும் ‘யாருகிட்டய்யா குடுத்த’ன்னு கேட்டாரு. குடுக்கணும்னு நெனச்சது ஞாபகம் இருந்துச்சு. குடுத்தேனான்னு ஞாபகம் இல்ல. வாயில ‘ஹக்கு கிட்ட’ன்னு வந்துடுச்சு.

— தானா வந்துடுச்சா?

— …இல்ல. உள்ளத சொல்றேன். ‘தெரியல’ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா பீரோ சாவி என்னுது, பொறுப்பு என்னுது. அதுவும் சண்டை நேரம். அவன் பேரச் சொன்னா மறுபேச்சு இல்லாம நம்பிடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னேன்.

— ஃபவுண்டரி கேட்டுல நிறுத்தி, சோதன போடணும்னு வேட்டிய அவுக்கச் சொன்னாங்களாமே. நீங்க இருந்தீங்களா?

— இருந்தேன்.

— பாத்துக்கிட்டா?

— பாத்துக்கிட்டு.

— அவரு என்ன சொன்னாரு? என்கிட்ட அத மட்டும் சொல்லவே இல்ல.

— கத்தல, அழுவல. ‘சாரு மறந்துருப்பாரு, ரூம்ல இன்னொருக்கா தேடச் சொல்லுங்க’ன்னான். அப்பக்கூட என்னக் குத்தம் சொல்லலம்மா.

— தேடுனீங்களா?

— மேசையப் பாத்தேன். பீரோவப் பாத்தேன். ஒடஞ்ச குழாய்ங்க கெடந்த மரப்பொட்டி ஒண்ணு மூலையில இருந்துச்சு, அதத் தொறக்கல. போன சித்திரையில ரூமுக்கு வெள்ளையடிக்கறப்ப அதக் கவுத்தேன். கம்பியோட குழாய் வந்து விழுந்துச்சு. பத்திரமா இருக்கட்டும்னு நானே அதுல வெச்சுட்டு மறந்துருக்கேன்.

— சித்திரையில. இப்ப ஐப்பசி.

— ஆமா.

— ஆறு மாசம் இத என்னண்ணே செஞ்சீங்க?

— வூட்டுல மாதா படத்துக்குப் பின்னால வெச்சிருந்தேன். தெனமும் அது முன்னாலதான் செபம் பண்றது. ரெண்டு தடவ கெடிலம் பாலம் வரைக்கும் கொண்டுக்கிட்டுப் போனேன், ஆத்துல வீசிட்டா யாருக்குத் தெரியப்போவுதுன்னு. கை வரல. திருப்பிக் குடுக்கவும் கை வரல.

— அப்ப இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

— திங்கக்கெழம ஒரு சாம்பிள் கரண்டியக் காணும். உருகுன இரும்ப மொண்டு, சின்ன அச்சுல ஊத்திப் பாக்கற கரண்டி. ஹக்கு வேலைய இப்ப ஆண்டின்னு ஒருத்தன் பாக்கறான். அவன அதே கேட்டுல நிறுத்துனாங்க. அவன் வேட்டியில கை வைக்கறதுக்கு முன்னால என் மொகத்தப் பாத்தாம்மா. நான் ஏதாச்சும் ஒரு வார்த்த சொல்லுவேன்னு.

— சொன்னீங்களா?

— சொல்லல. பொறவு கரண்டி மணலுக்கடியில கெடந்துச்சு. ஆண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி அதக் கழுவிக் காய வெச்சான். ஈரமா இருந்தா இரும்பு வெடிச்சுத் தெறிக்கும், அதனால நெருப்புல காட்டணும். ஹக்குதான் அவனுக்கு அந்த வேலையச் சொல்லிக் குடுத்தது. அன்னிக்கு ராத்திரியே மாதா படத்துக்குப் பின்னாலேருந்து இத எடுத்துட்டேன். ஹக்கு எங்கம்மா? அவன் கால்ல வுழுந்துட்டுப் போயிடறேன்.

— அவ்ளோ தூரம் நீங்க குனிய முடியாது. அவரு பினாங்குல இருக்காரு.

— பினாங்கா?

— போன வருசம் நாகப்பட்டணத்துல கப்பலேறுனாரு. எங்க மாமா மவன் கடையில கிளாஸ் கழுவுறாரு. கடுதாசி வரும். ‘நான் சுகம், அங்கு அனைவர் சுகமும் அறிய ஆவல்’. அதுக்கு மேல ஒரு வரி இருக்காது.

— இங்க இருந்துருக்கலாமே. வேற வேலை கெடச்சிருக்குமே.

— திருடன்னு வேலைய வுட்டுத் தொரத்துனவருக்கு யாரு குடுப்பா? பள்ளிவாசல்ல அவரு சலாம் சொன்னா பதில் சலாம் முனகலாத்தான் வந்துச்சு. புவனகிரியில பொண்ணுக்குப் பேசி முடிச்ச சம்பந்தம், ‘இப்ப வேணாம்’னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு முழக் கம்பி, இவ்ளோ வேல பாத்திருக்கு.

— உன்கிட்ட மன்னிப்பு கேக்கக்கூட எனக்கு வாயில்ல.

— என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? எழுதிக் குடுங்க. ஜமாத்துக்கு ஒண்ணு, உங்க மேனேஜருக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு.

— எழுத்துலயா? நேர்ல வந்து சொல்றேனேம்மா, ஜமாத்துல நிக்கிறேன்.

— நேர்ல சொன்னது காத்தோட போயிடும். எழுதுங்க.

— மேனேஜர் கைக்கு அது போச்சுன்னா அன்னிக்கே என் வேலை போயிடும். என் பொண்ணு ஞானமேரிக்கு இப்பத்தான் மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம்.

— எம் பொண்ணு பேரு சர்புன்னிசா.

— …பேப்பர் இருந்தா குடும்மா.

— இந்தாங்க. நோட்டுலேருந்து கிழிச்சது, பரவால்ல. சட்டப்பையில பேனா இருக்கு பாருங்க. மெதுவா எழுதுங்க. எழுதுனத படிச்சுக் காட்டுங்க.

— ‘கடலூர் ஃபவுண்டரியில் டெஸ்டிங் ரூம் பொறுப்பில் இருக்கும் சகாயநாதன் ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. காணாமல் போனதாகச் சொன்ன பிளாட்டினக் கம்பியை அப்துல் ஹக் எடுக்கவில்லை. அதை நான் அவரிடம் கொடுக்கவே இல்லை. என் அறையில் நானே வைத்து மறந்தேன். கிடைத்த பிறகும் ஆறு மாதம் மறைத்தேன்.’ போதுமா?

— ‘கேட்டுல அவர அவமானப்படுத்துனப்ப பாத்துக்கிட்டு நின்னேன்.’ அதையும் சேருங்க.

— …சேத்துட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். இன்னொண்ணும் இதே மாதிரி. இந்தா.

— இப்ப அவருக்கு.

— அவனுக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

— மனசுல வரத எழுதுங்க.

— ‘தம்பி அப்துல் ஹக், உன்னைப் பற்றி நான் சொன்னது பொய். நீ தேடச் சொன்ன அறையிலேயே கம்பி இருந்தது.’ உள்ளத சொல்றேன் தங்கச்சி. இந்த ஆறு மாசமும் ஒண்ணே ஒண்ணச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். ஊரே நம்பலன்னாலும் வூட்டுல ஒருத்தி நம்பியிருப்பா, அவனுக்கு அது ஒண்ணு மிச்சம்னு. அதையும் எழுதறேன். ‘உன் மனைவி உன்னை ஒரு நாளும்…’

— அத எழுதாதீங்கண்ணே.

— ஏம்மா? தப்பா ஏதாச்சும் சொல்லிட்டேனா?

— குர்ஆன் மேல கை வெச்சு அவரு சத்தியம் பண்ணாரு, நம்பறேன்னு நானும் தலையாட்டுனேன். அவரு கப்பலேறுன மறுநாளே கதவச் சாத்திக்கிட்டு, அந்தக் கம்பி கெடைக்குமான்னு இந்த அடுப்படித் தரைய மூணு எடத்துல தோண்டிப் பாத்தவ நான்.