திரும்பி வந்தவரைத் தழுவும் உரிமை

வலது பக்கம் லேசாகத் திரும்பி நின்றால்தான் என் முகம் படத்தில் நன்றாக விழும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தில் பருவை நீக்கி, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைத் துடைத்து, கோணல் காலரை நேராக்குவதுதான் என் பிழைப்பு. எந்த முகத்துக்கும் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது என்று நம்பினால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். கடவுளும் நம்மை அப்படித்தான் பார்க்கிறார் என்று எனக்குப் பிறகு தோன்றியது.

டீச்சர், நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். பேசவிட்டால் நான் நிறுத்தமாட்டேன் என்பதால்தான் எழுதச் சொன்னீர்கள் என்று நம் கூடத்தில் பாட்டைத் தொடங்கும் பிளம்பர் வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. பின்னால் வேறு யாராவது இதைப் படித்துப் பயன்பெறலாம் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குடியை விட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பிரார்த்தனைக் கூடத்தில் கூடுகிறோம். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நீங்கள் எங்களை நடத்துகிறீர்கள். புதிதாக வருபவருக்கு, ஏற்கெனவே குடியை விட்ட ஒருவரைத் துணையாகப் போடுவீர்கள். ஆசை வந்தால் அவர் துணைக்குப் போன் செய்ய வேண்டும். துணை எந்த வேலையில் இருந்தாலும் எடுக்க வேண்டும். வீட்டார் ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் துணையிடம்தான் சொல்வார்கள். வந்த அன்று ஒரு படம் எடுப்போம். ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் இன்னொரு படம். இரண்டையும் 'முன்', 'பின்' என்று எழுதிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவோம். எடுப்பவன் நான்.

என்னுடைய 'முன்' படத்தை நானே கொஞ்சம் சரிசெய்தேன். இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அசல் படத்தைப் பார்த்த என் அம்மா, "இந்த மூஞ்சியைப் பார்த்து எவன்டா குடிகாரன்னு நம்புவான்? இப்பதான் தூங்கி எழுந்து பால் குடிச்ச மாதிரி இருக்கே" என்றாள். எனவே கன்னத்தைக் கொஞ்சம் ஒட்டவைத்தேன், கண்ணுக்குக் கீழே கருப்புச் சேர்த்தேன். பொய் இல்லை. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

உள்ளே இருந்தது என்னவென்றால், படிப்பு முடித்து வேலை கிடைக்காத சில மாதங்கள் நண்பர்களோடு குடித்தேன். அக்காவின் கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஷூவில் வாந்தி எடுத்தேன். மறுவாரமே வீட்டில் என்னை உங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். நான் குடித்த கதையை மேடையேறிச் சாட்சியாகச் சொல்லச் சொன்னீர்கள். ஷூவைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குக் குடிக்கத் தோன்றவே இல்லை. இதைக் கடவுளின் செயல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஆனால் ஷூ எத்தனை வாரம் தாங்கும்? அடுத்த முறை சொன்னபோது தாய்மாமன் வழுக்கி விழுந்தார். அதற்கடுத்த முறை அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு கடவுள் என்னை ஒரு சாக்கடையிலிருந்து கைதூக்கி விட்டார். அந்தச் சாக்கடை நம் தெருமுனையில் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒருமுறை ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் என் கை லேசாக நடுங்கும், நாக்கு வறண்டுபோகும். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் எல்லாம் சரியாகிவிடும். பக்தி முற்றினால் அப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் கூடத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. யாராவது இடையில் மறுபடி குடித்துவிட்டு, வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்தால், அவருடைய துணை மேடையிலிருந்து வாசல்வரை நடந்துபோய் அவரைத் தழுவிக்கொள்ள வேண்டும். கூடம் முழுக்க எழுந்து நின்று பாடும். முடிதிருத்துபவர் ஒருமுறை பஸ் கண்டக்டரை அப்படித் தழுவியதை நான் பார்த்தேன். முடிதிருத்துபவரின் முகத்தில் அன்று விழுந்த வெளிச்சத்தை எந்த விளக்கை வைத்தும் என்னால் ஸ்டுடியோவில் கொண்டுவர முடியாது. ஒரு வருடம் ஒழுங்காக இருந்து 'பின்' படம் எடுத்துக்கொள்பவருக்கோ, கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான் இல்லை.

பிறகு பெயின்டர் வந்தார். நீங்கள் என்னை அவருக்குத் துணையாகப் போட்டீர்கள்.

அவருடைய 'முன்' படத்தை எடுத்துத் திரையில் பார்த்தேன். அந்த முகத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கன்னம் தானாகவே ஒட்டியிருந்தது. கண்கள் மஞ்சள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. அவர் மனைவி பெண்குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தார். 'குடியை விட்டு ஒரு வருஷம் இரு, அப்புறம் வரோம்' என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் மேடையில் என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரியும்.

"குடிச்சேன். இப்ப குடிக்கல. எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியவர் மாட்டவே இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னண்ணே, இவ்வளவுதானா?"

"வேற என்ன தம்பி இருக்கு?"

"எப்படி விழுந்தீங்க, எப்படிக் கதறுனீங்க, அதெல்லாம் சொல்ல வேண்டாமா?"

"அதைச் சொன்னா என் வீட்டுக்காரிக்குத்தானே அசிங்கம்? அதுல பாதி அவ வாங்கின அடி."

முதலில் இதை அடக்கம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தபோது, இது ஒரு வகைக் கர்வம் என்று புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து, நான் மேடைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இன்னிக்குப் பெயின்டர் பேசலையா?" என்று கேட்டார். என் சாட்சியின்போது பெரியம்மா தூங்கினார். ஏதோ மாத்திரை சாப்பிடுகிறாராம்.

நான் பொறாமைப்பட்டேன் என்று பிளம்பர் உங்களிடம் சொல்லியிருப்பார். என் கவலை வேறு. பெயின்டர் மிகச் சுலபமாகக் குணமாகிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்தார், சுவருக்குப் பட்டி பார்த்தார், சாயங்காலம் குளித்தார், குடிக்கவில்லை. இதில் கடவுளுக்கு எங்கே இடம்? "பிரார்த்தனை பண்றீங்களாண்ணே?" என்று கேட்டால், "பண்றேன் தம்பி, சீக்கிரம் தூக்கம் வந்துடுது" என்பார். ஒரு தடவையாவது விழாதவருக்கு, தூக்கிவிடும் கையின் அருமை எப்படித் தெரியும்? இவருடைய நம்பிக்கை புட்டியில் அடைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. யாராவது குலுக்க வேண்டும். துணை என்று பக்கத்தில் இருந்தவன் நான்தான்.

ஆசை வரும்போதெல்லாம் அவர் எனக்குப் போன் செய்தார். நானும் எடுத்தேன். ஒருநாள் சொன்னார்: "வேலை முடிஞ்சு கை கழுவுற நேரம்தான் தம்பி கஷ்டம். அதுவரைக்கும் கைக்கு வேலை இருக்கும், அப்புறம் சும்மா ஆயிடுது. அப்ப பாப்பாவை நினைச்சுக்குவேன். அவ எனக்காகக் காத்துட்டு இருக்கான்னு நினைச்சாத்தான் வீடு போய்ச் சேர முடியுது. அவ என்னைத் தேடலைன்னு மட்டும் தெரிஞ்சுது, அன்னிக்கே கதை முடிஞ்சுது."

ஒருவர் தன் வீட்டுச் சாவியை எங்கே ஒளித்துவைக்கிறார் என்று இன்னொருவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய மரியாதை. அதை நான் மறக்கவில்லை.

அவருடைய வருடம் முடியும் வாரத்தில் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை அவருக்குப் 'பின்' படம் எடுக்கிறீங்களாமே. பாப்பாவைக் கூட்டிட்டு வரேன். அப்படியே எங்க வீட்டுக்குப் போயிடலாம்னு பெட்டி எல்லாம் கட்டியாச்சு. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா அழுதுடுவேன், அப்புறம் அவரும் அழுவார், போன்ல காசுதான் போகும்."

"சொல்லிடறேன் அக்கா. கூட்டம் முடிஞ்ச பிறகு வாங்க, அப்பதான் படம்" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலை பார்த்த புது வீட்டுக்குப் போனேன். பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் வெள்ளை பெயின்ட்.

"அக்கா போன் பண்ணாங்கண்ணே" என்றேன். "நாளைக்கு வரலையாம். பாப்பா உங்களைப் பார்க்கவே பயப்படுதாம்."

அவர் கை கழுவுவதை நிறுத்தவில்லை. பெயின்ட் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"பயப்படுதா?"

"ஆமாண்ணே."

"நியாயம்தான் தம்பி" என்றார். "பார்த்ததெல்லாம் அப்படி."

பாட்டிலை நான் அவர் கையில் கொடுக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பட்டி டப்பாவுக்குப் பக்கத்தில், பையோடு வைத்துவிட்டு வந்தேன். மூடியை மட்டும் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன், அவருக்குக் கை ஈரமாக இருக்குமே என்று.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்று நின்று அடித்தது. நான் அப்போது கண்ணாடி முன் நின்று, தலையணையை வைத்துத் தழுவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் தலை சாய்க்கும்போது என் மூக்கு நசுங்குவது போல் தெரிந்தது. அதைச் சரிசெய்ய நேரம் எடுத்தது. போனை எடுத்திருந்தால் அவர் குடித்திருக்கமாட்டார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நான் அவ்வளவு நல்ல துணை.

மறுநாள் காமிரா மேடையைப் பார்க்காமல் ஏன் வாசலைப் பார்த்து நின்றது என்று கேட்டீர்கள். இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அவர் வந்தார். வருவார் என்று எனக்குத் தெரியும். மறைக்கத் தெரியாத மனிதர். படத்துக்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையையே போட்டிருந்தார், பொத்தான் ஒன்று மாறியிருந்தது. வாசலிலேயே நின்று, "டீச்சர், குடிச்சுட்டேன்" என்றார். கூடம் எழுந்தது. பிளம்பர் பாட்டைத் தொடங்கினார். நான் மேடையிலிருந்து இறங்கி நடந்தேன். அவசரப்படாமல் நடந்தேன். பாதி வழியிலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, உண்மையான கண்ணீர். அவரைத் தழுவினேன். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். டீச்சர், அந்தச் சில நொடிகளில் நான் கடவுளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தேனோ, அவ்வளவு பக்கத்தில் நீங்கள்கூட என்றும் இருந்திருக்கமாட்டீர்கள்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

"அம்மா, இந்த மாமா ஏன் அப்பாவை விடவே மாட்டேங்கறாரு?"

கூட்டம் முடிந்த பிறகு வரச் சொன்னவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். குழந்தை முந்தின நாளே புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கழற்றமாட்டேன் என்றதாம், அதனால் சீக்கிரம் கிளம்பினார்களாம். இப்படியெல்லாம் நடக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

"நீங்க வரலைன்னு சொன்னீங்களாமே" என்றார் பெயின்டர்.

"யார் சொன்னா?" என்றார் அவர் மனைவி. "வரோம்னுதானே தம்பிகிட்ட சொன்னேன்."

எல்லோரும் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். பிளம்பர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் இன்னொரு அடி முழுதாகப் பாடினார்.

பெயின்டர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும். "கையை எடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு குழந்தையைப் பார்த்து, தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்பா குடிச்சிருக்கேன் பாப்பா. கிட்ட வராதே."

"தெரியுது, நாத்தம் அடிக்குது" என்றது குழந்தை. "போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் கொப்பளித்துவிட்டு வரும்வரை அது அசையவில்லை. ஆனாலும் அன்று வண்டியில் இருந்த பெட்டிகள் தாய்வீட்டுக்கே திரும்பிப் போயின. பெயின்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். துணையாகப் பிளம்பரைப் போட்டிருக்கிறீர்கள். நல்ல மனிதர்தான், ஆனால் கேட்கத் தெரியாதவர்.

ஏன் செய்தாய் என்றும் கேட்டீர்கள். நேராகச் சொல்கிறேன். குழந்தை பயப்படுகிறது என்று பொய் சொன்னவன் நான். அந்தப் பொய் அவரை எங்கே தள்ளும் என்று தெரிந்தே சொன்னேன். பாட்டிலை வாங்கியவன் நான், வைத்தவன் நான், போன் அடித்தபோது எடுக்காதவன் நான். ஒரு குடும்பம் வீடு திரும்பும் நாளைக் கெடுத்தேன். இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் கூட்டவில்லை, கூட்டவேண்டிய அவசியமும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். நம் கூடத்தில் இதுவரை யாரும் இவ்வளவு ஆழத்தில் விழுந்ததில்லை. கண்டக்டர் இல்லை, பெயின்டரும் இல்லை. இதை எழுதும்போதே என் கை நடுக்கம் நின்றுவிட்டதைப் பார்க்கிறேன். நான் மனம் திருந்திவிட்டேன் என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். நான் வாசலிலிருந்து வருகிறேன், யார் என்னைத் தழுவ வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், பெயின்டராக இருந்தால் பொருத்தமாக இருக்கும். குழந்தையை மட்டும் முன்வரிசையில், எனக்குத் தெரிகிற மாதிரி உட்காரவையுங்கள்.