‘மைண்ட்’ பண்ணுவீங்களோ

2009இல் லண்டன் விமான நிலையமொன்றில், பாதுகாப்புச் சோதனை முடிந்து எல்லோரும் சப்பாத்து மாட்டும் வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“இஞ்சாருங்கோ, உடுப்புக்குள்ளாலை ஆளைக் காட்டுற அந்த மெசினுக்குள்ளை ஏன் போகமாட்டன் எண்டனீங்கள்?”

“நான் எங்கை மாட்டன் எண்டனான்? அந்த செக்யூரிட்டிக்காரன் ‘டூ யூ மைண்ட்’ எண்டு கேட்டான். ஓம், போறன் எண்ட நினைப்பிலை யெஸ் எண்டன்.”

“ஐயோ, அது உள்ளை போறதிலை உங்களுக்கு ஏதும் மறுப்போ எண்டு கேட்டது. யெஸ் எண்டால் மறுப்பு எண்டுதான் எடுப்பான்.”

“அதுதானோ? சொறி சேர் எண்டான். கையாலை தடவிப் பாக்கட்டோ எண்டு திரும்பவும் கேட்டுத்தான் தொட்டவன்.”

“அடுத்தமுறை நோ எண்டு சொல்லுங்கோ.”

அவர் குனிந்து சப்பாத்து லேசைக் கட்டினார். ஒரு லேசுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

“ஊரிலை எத்தினை ஆமி செக்பொயின்ற்றிலை சேட்டைக் கழட்டிப்போட்டு நிண்டிருப்பன். உனக்கு மறுப்போ எண்டு ஒருத்தனும் கேட்டதில்லை.”

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அடுத்தமுறையும் யெஸ் எண்டுதான் சொல்லுவன்,” என்றார் அவர்.