இந்த நடை முடியும் முன்: நடத்துநர் பால்பாண்டி அவர்களுக்கு ஓடும் பேருந்தில் வாசிக்கப்பட்ட மடல்

பயணச்சீட்டு கொடுத்த கையால் பல்லாயிரம் பயணிகளின் பாசத்தைப் பெற்ற பண்பாளரே! சில்லறை இல்லாதவரிடமும் சிடுசிடுக்காத சீலரே! கூடலூர்க் கூட்டத்திலும் குமுளிக் குளிரிலும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! ஆண்டிபட்டி மண் ஈன்ற, தேனிப் பணிமனை தோளில் சுமந்த திருமகனே! எங்கள் மூத்த நடத்துநர் பால்பாண்டி அண்ணன் அவர்களே! உங்களுக்குப் பணிமனைத் தோழர்களின் பணிவான வணக்கம்!

மடலை மேடையில் வாசிப்பதுதான் வழக்கம். நீங்களோ பேருந்தின் முன்னிருக்கையில், கழுத்தில் சம்பங்கி மாலையோடு, அக்கம்மாள் அண்ணியின் பக்கத்தில் அமர்ந்து கேட்கிறீர்கள். “ஆண்டிபட்டி மண்டபத்துக்குப் போகிற வழியிலேயே வாசித்துவிட்டால், போனதும் பந்தியில் உட்காரலாம்” என்று நான் சொன்னதை நம்பி ஏறினீர்கள். பணிமனையில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுகிறவன் இந்த நேரக்காப்பாளன் கலீல் ரஹ்மான், அவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்திருப்பீர்கள். தேனியை அடுத்த குன்னூரைத் தாண்டிய பிறகுதான் இந்தத் தாளைப் பிரிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதற்கான காரணம் பின்னால் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காக முதலில் எழுதிய மடல் வேறு. அதை அச்சடித்து, கண்ணாடிச் சட்டமும் போட்டு மண்டபத்தில் வைத்திருக்கிறோம். அதில் உங்களை ‘இரும்பு நெஞ்சம் படைத்தவரே’ என்று விளித்திருந்தேன். அல்லாஹ்வே, என்ன வார்த்தை அது! இன்று காலை அண்ணி போனில் பேசிய பிறகு அந்த வரியை வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதனால் நேர அலுவலக மேசையில் உட்கார்ந்து, அடித்தும் திருத்தியும் இதை எழுதினேன்.

அருமை அண்ணனே! முப்பத்திரண்டு ஆண்டுகள் மூட்டையும் முடிச்சுமாய் ஏறிய மக்களை முகம் சுளிக்காமல் ஏற்றி இறக்கினீர்கள். வீரபாண்டித் திருவிழா நெரிசலில் தீச்சட்டி ஏந்தி வந்தவருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள். மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் உங்கள் வண்டிக்காகவே மற்ற வண்டிகளை விட்டுவிட்டு நிற்பார்கள். இவையெல்லாம் எந்த நடத்துநருக்கும் எழுதக் கூடியவை என்றாலும் உங்கள் விஷயத்தில் இவை உண்மை. ஆனால் உங்களுக்கு மட்டுமே எழுத வேண்டியது ஒன்று உண்டு. அது ஓட்டுநர் சுரேஷ்கண்ணனைப் பற்றியது.

பெயரைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள் என்று தெரியும். திரும்பிக்கொண்டே கேளுங்கள்.

பதினோரு ஆண்டுகள் அவன் ஓட்டினான், நீங்கள் விசில் கொடுத்தீர்கள். போன ஆண்டுச் சித்திரையில், குமுளியிலிருந்து இறங்கிவந்த வண்டி கம்பம் பேருந்து நிலையத்தில் நின்றபோது, அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்கையிலேயே சாய்ந்தான். “நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குண்ணே. தோள்பட்டையெல்லாம் கடுக்குது” என்றான். சட்டை முழுக்க வியர்வை. டீக்கடைக்காரர் வாயு என்றார். ஒரு பயணி, வெறும் வயிற்றில் டீ குடித்ததால் வந்த வினை என்றார். சோடா வந்தது, இஞ்சி மிட்டாய் வந்தது. நீங்கள் ஒருவர்தான், “ஏலே, எறங்கு. ஆஸ்பத்திரில ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்” என்றீர்கள். அவன் சிரித்துக்கொண்டே, “வண்டி நெறைய ஆளு நிக்கிதுண்ணே. இந்த நடை முடியட்டும்” என்றான். அவனுக்கு ஏப்பம் வந்ததும், நீங்களும் அரைமனதாய், வண்டி கிளம்ப ரெட்டை விசில் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த நடை முடியவில்லை. சின்னமனூருக்கு முன்பே சாலையோரம் வண்டியை ஒதுக்கி, கை பிரேக்கைப் போட்டுவிட்டு, அவன் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தான். பயணிகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் மருத்துவர் சொன்னதை நீங்கள் எங்களுக்குச் சொல்லாத நாளில்லை. “ரத்தக்குழாய் அடைச்சா நெஞ்சுத் தசை கொஞ்சங் கொஞ்சமாச் சாகும். செத்தது திரும்பாது. வலி வந்த ஊர்லயே எறக்கியிருந்தா அடைப்ப எடுத்துருக்கலாம்” என்றார் அவர். நாற்பத்து நான்கு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தோம் அண்ணே.

அன்றிலிருந்து நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். வாயு என்ற சொல்லை உங்கள் வண்டியில் எவரும் சொல்லக் கூடாது. நடுநெஞ்சில் அழுத்தமா, அது கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா, மூச்சு வாங்குகிறதா, குளிர்ந்த வியர்வையா, குமட்டலா என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு இருந்தாலே 108-க்குப் போன் போட்டுவிடுவீர்கள். அது வரத் தாமதமானால், பாதை மாற்றத்துக்கு விளக்கம் கேட்பார்களே என்று பார்க்காமல் வண்டியையே திருப்பச் சொல்வீர்கள். கேலி செய்தவர்களும் உண்டு. ‘டாக்டர் கண்டக்டர்’ என்று பேர் வைத்தவன் நம் வேலுச்சாமிதான், இதோ ஓட்டிக்கொண்டிருக்கிறான், அவனையே கேளுங்கள்.

வீரபாண்டியில் ஏறிய பூக்காரி சோணையம்மாளை நினைத்துப் பாருங்கள். நெஞ்சு வலியே இல்லை. தாடையும் முதுகும் வலிக்க, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். “பல்லு வலிக்கு எதுக்குய்யா பெரியாஸ்பத்திரி? போயி கிராம்பு வச்சுக்கிறேன்” என்று உங்களோடு சண்டை போட்டார். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படியும் வரும் என்று சொல்லி, கையைப் பிடித்து இறக்கிவிட்டது நீங்கள். அவர் இன்றும் பூ விற்கிறார். உங்கள் கழுத்தில் கிடக்கும் சம்பங்கி அவர் கட்டியது. காலையில் மாலை வாங்கப் போனபோது, அவசரத்துக்கான காரணத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். “எனக்கு அம்புட்டுச் சொன்ன மனுசன், தனக்கு ஒரு வார்த்த சொல்லிக்கிற மாட்டாரா?” என்று கேட்டார்.

இனி அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கலீலு தம்பி, ஒங்க அண்ணே அஞ்சாறு நாளா மாடிப்படி ஏறுனா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிறாக. எடது கை கடுக்குதுங்கிறாக. இன்னைக்குக் காலைல வேட்டி கட்டயில மறுபடி வந்து, வேர்த்து ஊத்திருச்சு. 108-அக் கூப்புடுறேன்னா, விழா அன்னைக்கு ஊரு சிரிக்கணுமான்னு கதவச் சாத்திக்கிட்டாக. ரிட்டயர் ஆகட்டும், பாத்துக்கலாம்ங்கிறாக.”

ரிட்டயர் ஆகட்டும்! கேட்டீர்களா அண்ணே, இது யார் சொன்ன சொல் என்று தெரிகிறதா? இந்த நடை முடியட்டும் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு வந்த கோபத்தில் போனையே வீசியிருப்பேன். ஆனால் அண்ணி அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னார். “‘அவனுக்கு விசில் ஊதி அனுப்பி வச்சுட்டு, நான் மட்டும் போயி ஊசி போட்டுக்கிறவா?’ன்னு கேக்குறாக தம்பி.” அதைக் கேட்டதும் கோபமெல்லாம் போய்விட்டது.

அண்ணே, நாங்கள் பூசி மெழுகப் போவதில்லை. அன்று விசில் கொடுத்தது நீங்கள்தான். ஆனால் இறங்கு என்று சொன்ன ஒரே ஆளும் நீங்கள்தான். சுரேஷ்கண்ணன் உயிரோடு இருந்தால் இன்றைக்கு இந்த வண்டியை அவன்தான் ஓட்டியிருப்பான், இதைவிட வேகமாக ஓட்டியிருப்பான். நீங்கள் செத்துப்போவதால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எங்களுக்கு இன்னொரு சாவைத் தாங்கத் தெம்பில்லை.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி ஆண்டிபட்டி போகாது. வழியிலேயே க.விலக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குள் திரும்பும். ஆம்புலன்சில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த நீங்கள், பஸ் என்றதும் மறுபேச்சில்லாமல் ஏறினீர்கள். இடையில் இறங்கிவிடக் கூடாது என்றுதான் குன்னூர் தாண்டும்வரை இந்தத் தாளைப் பிரிக்கவில்லை. உங்கள் பின் இருக்கையில் இருப்பது என் உறவுக்காரப் பெண் என்று சொன்னேனே, அதுவும் பொய். அவர் ஷெரின், அந்த ஆஸ்பத்திரியில் செவிலியர், வேலுச்சாமியின் பக்கத்து வீடு. “வலி வந்து வந்து போறது நல்லதுக்கில்ல. பெருசா வரப்போகுதுன்னு அது முன்கூட்டியே தாக்கல் சொல்லிட்டுப் போகுது. விழாவாவது ஒண்ணாவது, இப்பவே கெளப்புங்க” என்று எங்களை விரட்டியவர் அவர்தான். அவசரப் பிரிவில் சொல்லிவைத்துவிட்டார். சக்கர நாற்காலியோடு வாசலில் நிற்பார்கள். எழுந்திருக்காதீர்கள், நடக்காதீர்கள், மாலையைக் கழற்றி அண்ணியிடம் கொடுங்கள். மண்டபத்துச் சாப்பாடு வீணாகாது, பணிமனைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மடலின் முடிவில் நூறாண்டு வாழ்க என்று எழுதுவது மரபு. அதை இன்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணே, முதலில் இந்த ஒரு மணி நேரம் வாழுங்கள். மிச்ச ஆண்டுகளுக்கு, நீங்கள் வீடு திரும்பிய பிறகு, சட்டம் போட்டு வாழ்த்துகிறோம்.

விசில் இன்னும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது, காலையிலேயே பார்த்துவிட்டேன். வேலுச்சாமியிடம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் ஊதினாலும் ஊதாவிட்டாலும் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிடுவான். மூச்சு வாங்கினால் ஊத வேண்டாம், அண்ணி ஊதுவார். ஆனாலும் உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள். கம்பத்தில் அன்றைக்குக் கொடுத்திருக்க வேண்டிய, வண்டியை நிறுத்தும் ஒற்றை விசில் அது, இன்றைக்குக் கொடுத்துவிடுங்கள். இதோ வளைவு வந்துவிட்டது.

என்றும் உங்கள்,
தேனிப் பணிமனைத் தோழர்கள்

(ஓட்டுநர் வேலுச்சாமியின் கையெழுத்து மட்டும் இல்லை. அவன் கை ஸ்டியரிங்கில் இருக்கிறது.)