மூடுபனியில் வழி கேட்ட கதை

சரி... புத்திமதியெல்லாம் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. தாய்மார்களே, குடியப் பத்தின கதைதான். அதுக்காக உடனே திரும்பி வீட்டுக்காரரப் பாக்காதீங்க... பாவம், அவரு ஏற்கனவே தலையக் குனிஞ்சுதான் உக்காந்திருக்காரு.

கோத்தகிரியில ஒரு ஜீப் டிரைவர். கிருபாகரன்னு வச்சுக்குவோம், பேர மாத்தித்தான் சொல்றேன். குடிச்சுக் குடிச்சு ஈரல் வீங்கி, ஆஸ்பத்திரியில கெடந்து எழுந்தவரு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாங்க: "இன்னொரு தடவ குடிச்சா உங்கள என்னால காப்பாத்த முடியாது. தனியா இருந்து இத விடவும் முடியாது. குடிய விட்டவங்க சேர்ந்து உக்காந்து பேசுற கூட்டம் இருக்கு. உங்க ஊர்லயும் இருக்கு, குன்னூர்லயும் இருக்கு. போங்க."

நம்மாளு என்ன பண்ணாரு? சொந்த ஊர்ல போனா நாலு பேரு பாப்பாங்கன்னு, பஸ் ஏறி குன்னூருக்குப் போனாரு! ஞாயித்துக்கிழமை, சாயந்தரம் அஞ்சு மணி, பழைய பள்ளிக்கூடம். டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டு கையில இருக்கு.

எறங்கினா... மூடுபனி. நீட்டின கை தெரியல. மரம் இல்ல, வீடு இல்ல, ரோடு இல்ல. எங்கயோ மணி அடிக்குது, எந்தப் பக்கம்னு தெரியல. யாரோ இருமுறாங்க, ஆளக் காணோம். நடக்கறமா, நின்ன எடத்துலயே நிக்கறமான்னே புரியல அவருக்கு. உலகமே கரைஞ்சு போயி, தான் மட்டும் மிச்சம் இருக்கற மாதிரி... தூக்கத்துல நடக்கற மாதிரி... கொஞ்சம் சுகமாக்கூட இருந்துச்சாம்.

வழி கேக்கணும். கேட்டாரா? ஒயின்ஷாப் எங்கன்னு பஸ்ஸவிட்டு எறங்குறதுக்கு முன்னாடியே சத்தமாக் கேட்ட மனுசன்! பள்ளிக்கூடம் எங்கன்னு கேக்க நாக்கு எழல. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எதுக்குப் போறான்னு ஊருக்கே தெரிஞ்சிருமாம்!

பனிக்குள்ள இருந்து ஒரு குரல். "யாருங்க அது? எங்க போறீங்க?"

"மருந்து வாங்கப் போறேங்க... நீங்க?"

"நம்ம நாயக் காணோங்க. தேடுறேன்."

கால் மணி நேரம் சுத்தினாரு. மறுபடி அதே குரல். "மருந்து கெடச்சுதுங்களா?"

"கட பூட்டியிருக்குங்க. நாய் கெடச்சுதுங்களா?"

"எங்கீங்க..."

மணி அஞ்சே கால் ஆச்சு. அப்ப... கால் தானா சரிவுல எறங்குது. பனிக்குள்ள செவப்பா ஒரு வெளிச்சம்... மெதுவா... மெதுவா... கிட்ட வருது. பாட்டில் உரசுற சத்தம். என்ன எடம்னு நான் சொல்லணுமா? மலையே மறைஞ்சு போன பனியில, அந்த ஒரு எடத்துக்கு மட்டும் அவரு யாரையும் வழி கேக்கல!

பாக்கெட்டுல கைய விட்டாரு. பக்கத்துல யாரோ செருமுறாங்க... அதே குரல். திரும்பினா... நாய் தேடுன ஆளு!

கிருபாகரனுக்கு அழுகை வந்திருச்சு. "ஐயா, மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் குடிகாரன். இதத் தொட்டா செத்துருவேன். பழைய பள்ளிக்கூடத்துல குடிய விட்டவங்க கூட்டம் நடக்குதாம். வழி தெரியலீங்க."

அந்த மனுசன், போஜன்னு வச்சுக்குவோம், ரிட்டயர் ஆன தபால்காரர். தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "வழி எனக்குத் தெரியுங்க. மூணு மாசமா வாராவாரம் அந்த வாசல் வரைக்கும் போறேன். உள்ள போகத் தைரியம் வராம இங்க வந்துர்றேன். நம்ம வீட்டுல நாயே கெடையாதுங்க."

பாத்தீங்களா? ஒருத்தருக்கு வழி தெரியல. இன்னொருத்தருக்கு வழி தெரியும், உள்ள போகக் கால் வரல. ஒருத்தர் சட்டைய ஒருத்தர் புடிச்சிக்கிட்டு, பனிக்குள்ள மேடு ஏறுனாங்க. கதவத் தட்டினா... உள்ள பதினாலு பேரு, டீ ஆவி பறக்குது. ஏன் லேட்டுன்னு ஒருத்தரும் கேக்கல. ரெண்டு நாற்காலி இழுத்துப் போட்டாங்க, அவ்வளவுதான். போஜன் எழுந்து நின்னாரு. "என் பேரு போஜன்... நான் ஒரு குடிநோயாளி." பதினாலு குரலும் சேர்ந்து வந்துச்சு: "வணக்கம், போஜன்!" மூணு மாசம் தொண்டையில அடைச்சிருந்தது அந்த நிமிசம் எறங்குச்சு.

அன்பானவங்களே, இதுல என்ன இருக்கு? பனி ஒரு நாள் விலகிரும். நம்ம வெக்கம் இருக்கே... அது நம்மள மறைக்கல, வழியத்தான் மறைக்குது! இந்தப் பந்தல்லயும் மருந்து வாங்கப் போறவங்க இருக்கீங்க. நாய் தேடுறவங்க இருக்கீங்க. ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கீங்க, பேசாம! யாராவது ஒருத்தர் வாயத் தொறந்தாப் போதும், ரெண்டு பேரும் பொழச்சிருவீங்க.

இன்னிக்கு நான் மேடையவிட்டு எறங்கினதும், பின்னால செருப்பு விடுற எடத்துல நிப்பேன். பேரு சொல்ல வேண்டாம், ஊரு சொல்ல வேண்டாம். "கூட்டம் எங்க நடக்குது?"ன்னு காதோட காதா கேளுங்க. கைய நீட்டி வழி காட்டிட்டுப் போயிர மாட்டேன்... கூடவே வருவேன்.