கையைத் தூக்கும்வரை

உங்கள் மின்விசிறி பிரமாதம், ஐயா. ஒரே வேகம், அலட்டல் கிடையாது. என் அக்கா புருஷனுக்கு இந்த நிதானம் இருந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

மச்சான் டிரம்ஸ் வாசிப்பவர். நான் ஒலிப்பதிவுக்காரன். ஜெர்மன்காரர்களின் பழைய சோதனை ராக் இசையில் கிறுக்குப் பிடித்துப் போய், குரலே இல்லாத ஆல்பம் ஒன்று செய்யக் கிளம்பினேன். அந்த இசையில் தாளம் மாவு மில் மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மச்சானுக்கோ கை சும்மா இருக்காது. நன்றாகப் போகும்போதே நடுவில் தாளத்தை விட்டுவிட்டு டிரம்ஸில் ஓர் உருட்டு உருட்டுவார். மறுபடியும் முதலிலிருந்து. எரிச்சலாக வரும். கேட்டால், "போரடிக்குது மாப்ள, கொஞ்சம் காரம் சேர்த்தேன்" என்பார்.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் விதி ஒன்றுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையைத் தூக்கும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. அன்று அவர் ஆரம்பித்ததும் கதவை வெளியே தாழிட்டேன். கண்ணாடிக்குத் திரையும் போட்டேன். என் முகத்தைப் பார்த்தால்தான் அவருக்குச் சேட்டை வருகிறது. எல்லாம் அவர் நல்லதுக்குத்தான்.

வாசித்தார், ஐயா. ஓர் உருட்டு இல்லை. ஹெட்போனில் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் அக்கா போன் செய்தாள்.

"டேய், அவரு சாப்பிட்டாராடா?"

"அருமையா வாசிக்கிறாருக்கா. கெடுத்துடாத."

அதில் பொய் ஒன்றுமில்லை.

பிறகு குச்சிகளைப் போட்டுவிட்டுக் கதவை இடித்தார். அதுவும் தாளம் தப்பாமல். ஆல்பத்தின் மூன்றாவது உருப்படி அதுதான். "மூச்சு முட்டுது, கதவத் தெற மாப்ள" என்று இடையிடையே கத்தியதை மட்டும் சிரமப்பட்டு நீக்கினேன். குரலில்லாத ஆல்பம் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதே. சத்தம் வெளியே போகாதபடி இண்டு இடுக்கெல்லாம் நானே அடைத்த அறை. காற்றும் போகாது என்று தெரியும். தெரிந்துதான் திறக்கவில்லை.

போகப் போக வேகம் குறைந்தது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, முடிவு இப்படித் தொய்கிறதே என்று. அப்புறம் சத்தமே இல்லை.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். நிறுத்தியது அவர்தான். நான் கையைத் தூக்கவே இல்லை.